வியர்வை நின்ற நாள்

இன்று காலை பொந்தியான் கிளினிக்கில் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க, நர்ஸ் மிஸ்ஸி என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையை இழுத்துக்கொண்டேன். "வலிக்குதா ஆன்ட்டி?" என்றாள். என் வீட்டுக்காரரின் ஊசி ஞாபகம் வந்துவிட்டதென்று அவளிடம் எப்படிச் சொல்வது?

என்னங்க, பெக்கான் நானாஸில் அன்னாசி லாரி ஓட்டிய உங்களுக்கு முதுகுவலி புதிதில்லை. ஜொகூர் பாரு டாக்டர்தான் அதைப் புராஸ்டேட் புற்றுநோய் என்றார். எலும்புக்கும் பரவியிருந்தது. "ஆண் ஹார்மோன்தான் இதுக்குத் தீனி. மூளை உத்தரவு குடுக்குது, விதை சுரக்குது. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டா அந்த உத்தரவு நின்னுடும்." நீங்கள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தீர்கள்.

ஊசி வேலை செய்தது. ரத்தத்தில் நோயின் அளவு இறங்கியது. ஆனால் நாளுக்கு ஐந்தாறு தடவை உடம்பு தகித்து, சட்டை நனைந்து, காற்றாடிக்கு அடியில் போய் நிற்பீர்கள். மாதவிலக்கு நின்றபோது நான் பட்ட அதே பாடு. செய்தி பார்த்துக்கொண்டே அழுவீர்கள். மார்பு லேசாகத் தடித்ததும், வீட்டுக்குள்ளேயே சட்டையைக் கழற்றுவதை விட்டுவிட்டீர்கள்.

பிறகு வியர்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் நின்றே போனது. குளியலறையில் பாட்டுச் சத்தம். சமையலறைக்கு வந்து என் இடுப்பைக் கிள்ளினீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வருவதாகத்தான் சொல்லியிருந்தீர்கள். கடைசியில், ஊசி போட்ட தேதி எழுதும் உங்கள் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

"எத்தனை ஊசி போடல?"

"ரெண்டு."

"ஏங்க?"

"கொஞ்ச நாளாச்சும் பழைய ஆளா இருந்துட்டுப் போறேன் லா. அதப் போட்டா நான் ஆம்பளையே இல்ல."

"முப்பது வருசமா நான் ஆம்பளைக்கா சோறாக்குனேன்? உங்களுக்குத்தானே ஆக்குனேன்!"

மறுநாள் பஸ்ஸில் உங்களோடு நானும் வந்தேன். ரத்த முடிவைப் பார்த்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அளவு மளமளவென்று ஏறியிருந்தது. மறுபடி ஊசி, மறுபடி வியர்வை. ஈரத்துண்டோடு பக்கத்தில் நின்றேன். ஒன்றரை வருடம் நோய் அடங்கிக் கிடந்தது. அதன்பின் எந்த ஊசிக்கும் அடங்கவில்லை.

கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்து, "நீ அன்னைக்குத் திட்டுனது நல்லதாப் போச்சு. இல்லேன்னா அப்பவே போயிருப்பேன்" என்றீர்கள். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஊசியை நிறுத்திவிட்டீர்கள் என்று வியர்வை நின்ற முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டதுங்க. நீங்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு, மூன்று வாரம் அந்த அட்டையைத் தொடாமல் இருந்தேன். அந்த மூன்று வாரத்தை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அப்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும்.