நீலச் சேட்டு

2008 ஓகஸ்ட் 12, செவ்வாய்

என் புருசன் கிறகரி போய் இன்று பத்தொன்பதாம் நாள். வலைக்கு நூல் வாங்கப் பட்டினத்துக்குப் போன மனுசன். பொலிசிலும் ஆமி முகாமிலும் ஒரே பதில்: "எங்களிட்ட இல்லை."

சந்தியில் நிற்கிற புனித அந்தோனியாருக்கு விண்ணப்பம் எழுதி, சுருவத்தடிப் பெட்டிக்குள் போட்டேன். அவருடைய பெயர், வயது, போட்டிருந்த நீலச் சேட்டு, கனடாவில் இருக்கிற தங்கச்சியைத் தவிர எனக்கு ஒருவருமில்லை என்பது, எல்லாம் எழுதினேன். கீழே என் போன் நம்பரும். புனிதருக்கு எதற்கு நம்பர்? கிறகரி இருந்தால் சிரித்திருப்பார்.

ஓகஸ்ட் 16

தெரியாத ஆண் குரல். "அக்கா, கிறகரி அண்ணை எங்களிட்டத்தான் இருக்கிறார். நீலச் சேட்டுப் போட்டவர்தானே?"

உயிரோடு இருக்கிறார்! மாதாவே!

அவரோடு பேச விடுவதற்கு போனுக்குக் காசு ஏற்றுகிற ஆயிரம் ரூபா ரீலோட் காட் இரண்டு வாங்கி, சுரண்டி, நம்பரை வாசிக்க வேண்டுமாம். ஜுனைதீன் நானாவின் கடைக்குச் செருப்பில்லாமல் ஓடினேன்.

ஓகஸ்ட் 25

இன்றும் மூன்று முறை அவன் கோல் எடுத்தான். பேச விடவில்லை. "இண்டைக்குச் சாப்பிட்டவரோ?" என்று கேட்டேன். "ஓம் அக்கா, சோறும் மீனும்." மீன் என்றதும் அழுதுவிட்டேன்.

ஜுனைதீன் நானா காட்டைத் தராமல் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இப்பிடி வாங்கி வாசிக்கிற நாலாவது ஆள் நீங்க. அவங்கட ஆக்கள் ஒராளும் திரும்பி வரயில்ல." உங்களுக்கென்ன தெரியும் என்று பாய்ந்தேன். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை விரட்டினபோது எல்லாவற்றையும் விட்டு ஓடிய மனிதரிடம்.

செப்ரெம்பர் 9

ரீலோட் காட் போதாதாம், மேலே உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். "கனடாத் தங்கச்சியின்ர கிரெடிட் காட் நம்பரைக் கேட்டுச் சொல்லுங்கோ. பின்பக்கத்தில இருக்கிற மூண்டு இலக்கமும் வேணும்."

தங்கச்சி இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? கிறகரிதான் சொல்லியிருப்பார். அப்ப மெய்தானே!

தங்கச்சி பிலோமினா போனில் தயங்கினாள். "அக்கா, அது ஆருக்கும் குடுக்கிற நம்பரில்லை." உன்ர மனிசன் எண்டால் குடுப்பாய்தானே என்று கத்தினேன். அழுதழுது சொன்னாள். வாங்கி அவனிடம் வாசித்தேன்.

செப்ரெம்பர் 12

தங்கச்சியின் காட்டிலிருந்து நாலாயிரம் டொலர் போயிருக்கிறது. பிலோமினாவின் புருசன் இனி என்னோடு கதைக்க மாட்டாராம்.

ஒக்ரோபர் 4

மழை வரப் பார்த்தது. வெளியே கிடந்த வலைச் சாக்கை உள்ளே இழுத்தேன். அதற்குள் நீலச் சேட்டு. செதில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

அன்றைக்கு அவர் வேறு சேட்டுத்தான் போட்டுப் போயிருக்கிறார். நான் பார்க்கவில்லை. குசினிக்குள் நின்றபடியே "போயிற்று வாங்கோ" என்றவள்தானே நான்.

பொலிசில் சேட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவேயில்லை. நீலம் என்று நான் சொன்னது அந்தோனியாருக்கு மட்டும். தங்கச்சி விசயமும் அந்தக் கடுதாசியில்தான். பெட்டியைத் திறந்து எவனோ வாசிக்கிறான். நாசமாப் போவான்! எத்தினை பேற்ற கண்ணீரை வாசிச்சிருப்பான்?

பின்னேரம் எடுத்தான். வாய்க்கு வந்தபடி பேசினேன். வைத்துவிட்டான்.

ஒக்ரோபர் 20

போன் அடிக்கவேயில்லை. இருந்தும் சார்ஜில் போடுகிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

சகல ஆத்துமாக்கள் திருநாள். பூசையில் வாசிக்க, இறந்தவர்களின் பெயர் எழுதுகிற கொப்பியைக் கோயில் மூப்பர் சந்தியோகு அண்ணை நீட்டினார். "கிறகரியின்ர பேரையும் எழுதுவமோ, பிள்ளை?" மெதுவாகத்தான் கேட்டார். பேனையை வாங்கி ஓரெழுத்து எழுதினேன். பிறகு வெட்டினேன்.

வீட்டுக்கு வர, போன் அடித்தது. அவன்தான். "அக்கா, அண்ணையின்ர விசயமா—"

நான் கத்தவில்லை. "இண்டைக்குச் சாப்பிட்டவரோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, சாப்பிட்டவர்."

ஜுனைதீன் நானாவின் கடைக்குப் போய் ஆயிரம் ரூபாக் காட் ஒன்று வாங்கி வந்தேன்.