மாத்திரைக்குப் பிறகு ஒரு பாட்டு

மார்ச் 3

இடிமுழக்கத்துக்கு,

அண்ணன் எழுதுகிறேன். டாக்டர் பேச்சைக் கேட்டு என் போனைப் பெரியம்மா பீரோவில் பூட்டிவிட்டாள். அதனால்தான் இந்தப் பேனா. நீ டிரம்ஸ் அடிக்காத நேரமாகப் பார்த்துப் படி.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பயந்துபோய் தூக்கமில்லாமல் அறைக்குள் அடைந்து கிடந்தவன் நான்தானா என்று பெரியம்மாவுக்கே சந்தேகம். ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. அப்போது எழுதிய 'கதவைத் தட்டாதே' பாட்டை இப்போது என்னால் பாட முடியவில்லை. மாடியில் நின்று முயன்று பார்க்கிறேன், இரண்டாவது வரியிலேயே மூச்சு முட்டுகிறது. மேடை ஏறினால் அதைப் பாடாமல் ரசிகர்கள் இறங்க விடமாட்டார்கள். மனசுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைதான் குரலைத் தின்கிறது. நம் குழுவின் அடுத்த மாதக் கச்சேரி முடியும்வரை அதை நிறுத்தலாமா என்று யோசனை. பெரியம்மாவிடம் மூச்சு விடாதே.

உன் அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டிக்கொள்.

உன் கடிதம் படித்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. கிளினிக்கில் மேல் பல் பிடுங்கும் இடுக்கி கேட்டால் கீழ்ப்பல் இடுக்கியை நீட்டினேன். "என்னம்மா, ராத்திரி கச்சேரியா?" என்றார் பல் டாக்டரம்மா. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்காதே. பாட்டு போனால் போகட்டும், எனக்கு நீ வேண்டும்.

வீட்டுக்கு வந்து, அந்த அறையிலிருந்து நீ அனுப்பிய முதல் பதிவைப் போட்டுக் கேட்டேன். ராத்திரிகள் தூங்காமல், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நீ பாடியது. அந்த வேகத்துக்கே நான் தாளம் கட்டினேன், அதுவே ரெக்கார்டும் ஆனது. ராக் என்றால் ஓடத்தானே வேண்டும் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். நன்றாகத் தூங்கி எழுந்த மனுஷனுக்கு அந்த வேகத்தில் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

நேற்று குழுவோடு அதையே மெதுவாக வாசித்தோம். "ஸ்டாண்டுக்குள்ள நுழையுற பஸ் மாதிரி இருக்கே" என்று கிட்டார்காரர் முகம் சுளித்தார். மூன்றாவது தடவை அவராகவே கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பென்டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். பெரியம்மா டிவியில் செருகிப் பாடிப் பார்.

கோபம் இன்னும் ஆறாத தங்கை

மார்ச் 15

கோள்மூட்டிக்கு,

"பாட்டுக்காக மாத்திரைய நிறுத்துவியா? நான் சோத்த நிறுத்துறேன், அப்பப் பாடு" என்றாள் பெரியம்மா. இப்போது நான் மாத்திரை விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். எல்லாம் உன் புண்ணியம்.

பென்டிரைவைச் செருகினேன். முதல் வரியிலேயே உடம்பின் இறுக்கம் தளர்ந்துவிட்டது. பாட்டு முழுவதையும் பாடினேன். பாடி முடித்த பிறகும் மூச்சு மிச்சமிருந்தது.

வேகம் குறைந்ததும் வரிகள் என் காதில் விழுந்தன. யாரோ ஒரு பையன் பயந்துபோய் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். முன்பெல்லாம் அந்தப் பாட்டை நினைத்தாலே அது நான்தான் என்று நடுங்குவேன். இப்போது அவனைக் கூப்பிட்டு ஒரு வாய் சாப்பாடு கொடுக்கலாம் போல இருந்தது. அழுதுவிட்டேன். பெரியம்மா பதறி ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று தெரிந்தது.

அண்ணன்