அரங்கசாமி ஐயாவின் விளக்கம்

ஜூலை 10, புதன்

இந்த வாரக் குறுக்கெழுத்து காலையிலேயே முடிந்தது. நெடுக்கில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் குக்கர் இறங்கும்வரை அலைக்கழித்தது. நேராகப் படித்தால் ஒன்றும் கிடைக்காது, சொல்லைப் பிரித்துச் சேர்த்தால்தான் விடை. யார் முதலில் எல்லாக் கட்டமும் நிரப்புகிறாரோ அவர்தான் மாலையில் விளக்கம் எழுத வேண்டும் என்பது எங்கள் வாட்ஸப் குழுவின் வழக்கம். எழுதிப் போட்டேன். உடனே பாராட்டு: "அரங்கசாமி ஐயா விளக்கம்னா விளக்கம்தானுங்க."

அரங்கசாமி ஐயா அப்போது சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

போன் வாங்கியபோது மகள் பிரீத்திகா தன் அப்பா பெயரில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து நான் எழுதுவதெல்லாம் என் வீட்டுக்காரர் பெயரில்தான் போகிறது. ஒருமுறை கீழே 'எழுதியது: ராமாமணி' என்று போட்டுப் பார்த்தேன். "அம்மாவையே டைப் அடிக்க வெச்சுட்டீங்களா" என்று சிரித்தார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

துடியலூரிலிருந்து திருமூர்த்தி இவருக்குப் போன் செய்தாராம். குழுவை நடத்துபவரும் குறிப்புகளை அமைப்பவரும் அவர்தான். இருபத்தெட்டாம் தேதி கோயமுத்தூரில் எல்லோரும் கூடுகிறார்கள், சிறந்த விளக்கங்களுக்காக இவருக்குப் பொன்னாடை. தெலுங்கு பேசுகிற வீட்டிலிருந்து இத்தனை தமிழா என்று மெச்சினாராம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வாரேன்னு சொல்லிப்போட்டேன்."

வாரேனாம்.

ஜூலை 15

சாப்பாடு போடும்போது மறுபடி கேட்டேன். "உன்ற பேரு என்ற பேருன்னு என்ன அம்மணி இருக்குது? நம்ம ஊட்டுக்கு வர்ற மரியாததான" என்கிறார். வீட்டுக்கு வருகிற மரியாதை ஏன் எப்போதும் இவர் தோளிலேயே வந்து விழுகிறது? விசைத்தறிச் சங்கத்தில் போர்த்திய பொன்னாடைகளே பீரோவில் அடைந்து கிடக்கின்றன. எனக்குத் துணி வேண்டாம். பெயர் வேண்டும். அதைக் கேட்டால் நான் பேராசைக்காரியா?

ஜூலை 17, புதன்

முடித்தேன். விளக்கம் எழுதவில்லை. ஐயாவுக்கு உடம்புக்கு என்ன என்று ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள்.

ஜூலை 27, சனி

வேட்டி இஸ்திரிக்குப் போய் வந்துவிட்டது. இவருக்கு இன்றுதான் ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. பொன்னாடை வாங்குகிறவர் பலகையில் எழுதியிருக்கும் புதுக் குறிப்பு ஒன்றை அங்கேயே அவிழ்த்துக் காட்ட வேண்டுமாம். "நீ முன்னால உக்காந்து வாயசச்சீன்னா போதும்" என்கிறார், ஏதோ உப்பு எடுத்துக் கொடுக்கச் சொல்வதுபோல.

போகத்தான் போகிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

பொன்னாடை போர்த்தினார்கள். பலகையில் குறிப்பு: 'அயலுக்குள் விருந்தின் ஆரம்பம், பல காய் சேர்ந்தது. நான்கெழுத்து.' அயல் என்ற சொல்லுக்குள் விருந்தின் முதலெழுத்து வி நுழைந்தால் அவியல். வாரம் தவறாமல் இவர் தட்டில் விழுகிற பண்டம்.

பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நானே சொன்னா எப்படீங்க, மத்தவங்களுக்கும் வாய்ப்புக் குடுக்கோணுமல்லங்க" என்றார்.

ஒரே கைதட்டல். நிறைகுடம் தளும்பாது என்று திருமூர்த்தி மைக்கில் சொல்கிறார். காலிக் குடமும்தான் தளும்பாது!

வீடு திரும்பும் வழியில் சிங்காநல்லூர் தாண்டியதும் இவராகவே, நீ சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றார்.

"சொல்லியிருந்தா அதுவும் உங்க பேருக்குத்தானுங்க போயிருக்கும்" என்றேன்.



ஆகஸ்ட் 2, வெள்ளி

பிரீத்திகா வந்திருந்தாள். என் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கச் சொன்னேன். அப்பாவிடம் கேட்டாயா என்கிறாள். பெற்ற பெண்! இவரிடம் கேட்கவில்லை, சொன்னேன். பேப்பரைத் திருப்பினார்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்றும் நானே முதல். மாலையில் விளக்கம் போட்டேன். கீழே — ராமாமணி, சூலூர். பார்க்கவே நன்றாக இருந்தது.

முதல் பதில் கந்தப்பன் என்பவரிடமிருந்து: "நல்ல முயற்சிங்கம்மா. ஆனா ஐயா எழுத்துல இருக்கற நயம் வரலீங்க. அவருகிட்டயே கேட்டுப் பழகிக்கங்க."

என்ன எழுத்து, யாருடைய நயம்? போனைச் சோபாவில் எறிந்துவிட்டுப் போய்ப் பருப்பை வேகப்போட்டேன். அழவில்லை. அழுகிற அளவுக்கு அந்த ஆள் பெரியவன் இல்லை.

திரும்பி வந்தால் போன் இவர் கையில். முகமெல்லாம் சிவந்திருந்தது. யாரைப் பார்த்து யாரிடம் பழகச் சொல்கிறான், ஒரு வரி முழுசாகப் படித்திருப்பானா இவன் என்று கத்துகிறார். அந்த மேடையில் வராத கோபம் இப்போது வந்திருக்கிறது. உட்கார்ந்து, தன் பெயரில் இருக்கும் கணக்கில் ஒற்றை விரலால் பதில் அடிக்க ஆரம்பித்தார். பருப்பு வெந்து இறக்கியும் அடித்து முடிக்கவில்லை. நடுவில் நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

"நான் ஒரு வரிகூட எழுதுனதில்லீன்னு போட்டாப் போதுமா அம்மணி, இல்ல, எனக்கு ஒரு குறிப்புக்கூட அவுக்கத் தெரியாதுன்னும் போடோணுமா?"

இரண்டையும் போடச் சொன்னேன்.