கரட்டு இறக்கமும் எம் சைஸ் சைக்கிளும்

18 மே 2008, ஞாயிறு

இன்றும் தள்ளிக்கொண்டுதான் இறங்கினேன். ஊத்துக்குளி ரோட்டைத் தாண்டி இருக்கிற அந்தக் கரடு ஒன்றும் இமயமலை இல்லை. பாறையும் முள்ளுமாக ஒரு மேடு, அவ்வளவுதான். ஏறக் கால் மணி நேரம், சைக்கிளிலேயே இறங்கினால் ஒரு நிமிடம். நான் மட்டும் உச்சியில் சைக்கிளை விட்டு இறங்கி, சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவள் மாதிரி அதைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு வருகிறேன். ஜனவரியில் பாதி வழியில் விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டதிலிருந்து இப்படித்தான்.

கீழே ஜெயபாண்டி காத்திருந்தான். எங்கள் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் சைக்கிள் கூட்டாளி.

"பிரேக் சரியில்லையாக்கா?"

"ஆமாப்பா, பிடிக்கவே மாட்டேங்குது."

பிரேக்தான் காரணமாக இருக்கும். நல்ல வண்டி இருந்தால் நானும் ஓட்டிக்கொண்டே இறங்குவேன். இறங்க மாட்டேனா?

21 மே

முடிவு செய்துவிட்டேன். புது மலைச் சைக்கிள். இப்போது இருப்பதில் முன்பக்கம் ஷாக் அப்சார்பர் மாதிரி ஒன்று இருக்கிறது. அது அசைந்து நான் பார்த்ததில்லை. சும்மா அலங்காரம்.

கம்பெனியில் மதியம் கரண்ட் போன நேரத்தில் தேவைகளை எழுதினேன். டிஸ்க் பிரேக், அதுவும் எண்ணெயில் வேலை செய்வது. இருபத்தேழு கியர். அலுமினியச் சட்டம். நிஜமாகவே அசைகிற ஷாக் அப்சார்பர். அம்மாவிடம் சொன்னேன். "முப்பத்தஞ்சு வயசுல சைக்கிளாக்கும்" என்றாள். விலையைச் சொல்லவில்லை. சொன்னால் சாயர்புரத்தில் இருக்கிற சித்தி வரைக்கும் போன் போகும்.

25 மே, ஞாயிறு

கோயம்புத்தூர். பெரிய கடை, ஏசி, கண்ணாடிக் கதவு. விற்பனையாளர் "கேட் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாங்க மேடம்" என்றார். கேட் இருபதடி தூரத்தில் இருந்தது. இருபதடியில் என்ன தெரியும்? சட்டை வாங்குகிறவர்கள்கூடக் கையை மேலே தூக்கிப் பார்ப்பார்கள்.

நான் என் வழியில் பார்த்தேன். பதினாலு வருஷமாக குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். கைப்பையில் இன்ச் டேப்பும், துணியில் குறை இருக்கிற இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரும் எப்போதும் இருக்கும். பெயின்டில் ஒரு கீறல் — ஒரு அம்பு. கேபிள் நுனியில் மூடி இல்லை — ஒரு அம்பு. பின் சக்கரம் லேசாகக் கோணல். பதினோரு அம்பு ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் கடை முதலாளியே பக்கத்தில் நிற்கிறார். மிக மரியாதையாக வெளியே அனுப்பி வைத்தார்.

27 மே

ஜெயபாண்டிதான் சொன்னான். "நம்ம ஜிப் பாய்ட்ட கேளுங்கக்கா. அவருக்குச் சைக்கிள் கிறுக்கு இருக்குல்ல."

பசீர் அகமது. எங்கள் கம்பெனிக்கு ஜிப்பும் பட்டனும் சப்ளை செய்கிறவர். ஜிப் வாங்கத் தைவான் போகும்போது தனக்கு ஒரு சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தவர். இந்த ஊரில் நல்ல மலைச் சைக்கிள் என்றால் அவருடையதுதான்.

சிக்கல் என்னவென்றால், போன வருஷம் அவருடைய ஒரு லாட் ஜிப் முழுவதையும் ரிஜெக்ட் செய்தது நான்.

29 மே

போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். ஜிப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அஞ்சாந்தேதி தைவான் போறனுங்க மேடம். தாராளமா எடுத்துட்டு வந்தர்றேன். வாங்கறதுக்கு முன்னாடி கரட்டுலயே ஓட்டிப் பாருங்க. புடிச்சா எடுத்துக்குங்க, புடிக்காட்டி உட்ருங்க. சைஸ் மட்டும் எழுதிக் குடுத்துருங்க."

கரட்டிலேயே! இருபதடி கேட்டுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம். அந்த லாட்டைக் கொஞ்சம் பார்த்து ரிஜெக்ட் செய்திருக்கலாமோ? இல்லை. ஜிப்பின் பல் கோணல் என்றால் கோணல்தான்.

2 ஜூன்

சைஸ் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி ஆர்டருக்கு எழுதுகிற மாதிரி முறைப்படி ஸ்பெக் ஷீட் போட்டு, தேதி, கையெழுத்து எல்லாம். எஸ் சைஸ்.

"ஒசரமா இருக்கீங்களே மேடம், எஸ் பத்துமுங்களா?" என்று கேட்டார்.

எனக்கா சைஸ் சொல்லிக் கொடுக்கிறார்? ஐரோப்பாக்காரன் எம் என்று போட்டால் நமக்கு எக்ஸெல். ஜெர்மனி ஆர்டரில் மிஞ்சின டீ-ஷர்ட்டைத்தான் பத்து வருஷமாகப் போடுகிறேன், எஸ் சைஸே எனக்குத் தொளதொள. இதை அவருக்கு விளக்கமாகவே சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பாவம், ஜிப்புக்கு ஏது சைஸ் சிக்கல்.

19 ஜூன்

இதை எழுதத்தான் வேண்டுமா?

பாய் வந்துவிட்டார், வண்டியை மாட்டி வைத்திருக்கிறேன் என்று போன். நானும் ஜெயபாண்டியும் போனோம். எங்கள் கம்பெனி மெர்ச்சன்டைசிங்கில் இருக்கிற வேல்விழியும் வேடிக்கை பார்க்கத் தொற்றிக்கொண்டாள். குடோனில் ஜிப் மூட்டைகளுக்கு நடுவே கறுப்பாக, மின்னிக்கொண்டு, அவ்வளவு அழகு. ஏறி உட்கார்ந்தேன். பெடலை மிதித்தேன். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. மறுகால், மறுபடியும் இடி. சர்க்கஸில் கரடி ஓட்டுமே, அப்படி ஒரு சுற்று சுற்றினேன். ஜெயபாண்டி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். சிரிப்பு மூட்டை வழியாகவே கேட்டது.

"சைஸ் தப்பா வந்திருக்கு பாய்" என்றேன்.

பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பிளாஸ்டிக் உறை வேறு போட்டு வைத்திருந்தார், மனுஷர். என் கையெழுத்து.

"ஸ்பெக்ல என்ன இருக்கோ அதானுங்களே மேடம். வாய்ப்பேச்சு வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க, போன வருசம்."

ஒரு வருஷமாக இந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். சைக்கிள் சட்டத்தைக் காலின் நீளத்துக்குப் பார்க்க வேண்டுமாம், தோள் அகலத்துக்கு இல்லையாம். எனக்கு எம்தான் சரியாம். டீ-ஷர்ட் கணக்கில் சைக்கிளுக்கு ஆர்டர் கொடுக்க இந்தத் திருப்பூர்க்காரியைத் தவிர யாராலும் முடியாது. எஸ்ஸை நானே எடுத்துக்கொள்கிறேன், தப்பு என்னுடையது என்றேன். அதற்குள் வேல்விழி அதில் ஏறி குடோனை மூன்று சுற்று சுற்றிவிட்டாள். ஐந்தடி உயரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"அக்கா, இத நான் எடுத்துக்கட்டுங்களா?"

பாய் தன் சொந்த வண்டியைக் காட்டினார். அதே மாடல், எம் சைஸ். "ஞாயித்துக்கெழம இத ஓட்டிப் பாருங்க. புடிச்சா உங்குளுது."

22 ஜூன், ஞாயிறு

ஏற்றம் என்ன சுகம்! கியரை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் கால் தன் பாட்டுக்குச் சுற்றுகிறது. கல்லில் ஏறினால் முன்சக்கரம் அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஜெயபாண்டிக்கு முன்னால் உச்சியில் இருந்தேன், முதல் தடவையாக.

அவன் என்னைக் கடந்து இறங்கிவிட்டான். கீழே பாயும் வேல்விழியும் காரோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இறங்கவில்லை.

ஒரு விரல் வைத்தால் போதும், பிரேக் கப்பென்று பிடிக்கிறது. பிடித்தேன். நின்றது. விட்டேன், அரை அடி நகர்ந்தது, உடனே பிடித்தேன். கை முழுக்க வியர்வை. மணிக்கட்டு வலிக்கிற மாதிரி இருந்தது, ஆறின மணிக்கட்டு. அப்புறம் காலை ஊன்றி இறங்கி, திருப்பூரிலேயே நல்ல சைக்கிளை மாடு மாதிரி நடத்திக்கொண்டு வந்தேன்.

மூன்று பேர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வாயில் வந்தது இதுதான்: "பிரேக் சாஃப்டா இருக்கு பாய். பிடிமானம் இல்ல."

23 ஜூன்

ஏ ரோஸ்மேரி, உனக்கு வெட்கமா இல்லையாட்டி? நல்ல பீஸ்ல அம்பு ஒட்டியிருக்க. பதினாலு வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன் உன்னப் பாத்து, இல்லாத குறையச் சொல்றன்னு சொல்லியிருப்பானா?

24 ஜூன்

செக்கிங் டேபிளில் ஒரு பெண் நல்ல பீஸைக் குறை என்று ஒதுக்கியிருந்தாள். எப்போதும் பிடித்துக் கத்துவேன். இன்று சும்மா வந்துவிட்டேன்.

25 ஜூன்

ஜெயபாண்டி சொல்கிறான், பாய் மூன்று நாளாக அந்த பிரேக்கைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறாராம். எண்ணெய் மாற்றிப் பார்த்தாராம். பிரேக் கட்டையை மாற்றினாராம். தைவானுக்குப் போன் போட்டுக் கேட்டாராம். அவர்கள் பிரேக்கில் குறையே இருக்காது என்றார்களாம். அதற்கு அவர், "எங்க ரோஸ்மேரி மேடம் ரிஜெக்ட் பண்ணுனா அதுல விசயம் இருக்குமுங்க, மறுபடியும் பாருங்க" என்று சண்டை போட்டாராம்.

சாப்பாடு இறங்கவில்லை.

26 ஜூன்

போய்ச் சொல்லிவிட்டேன். குடோன் வாசலில் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே சொன்னேன். "பிரேக்ல குறை இல்ல பாய். எனக்குப் பயம். கீழ பாத்தாலே கை தானா பிரேக்கப் பிடிச்சுருது. பழைய வண்டியிலயும் பிரேக் நல்லாத்தான் இருக்கு. எல்லார்ட்டயும் பொய்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவர் கையில் எண்ணெய். மடியில் அந்த பிரேக்கின் உள்ளுறுப்பெல்லாம் பிரிந்து கிடந்தது. ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு நாளா எம் பொழப்பே போச்சுங்க மேடம்" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. "பயத்த ஸ்பெக்ல போடாம உட்டுட்டீங்களே!"

வண்டியை எடுத்துப் போகச் சொன்னார். ஒரு மாதம் வைத்து ஓட்டுங்கள், அப்புறம் சொல்லுங்கள் என்றார். வெளியே வந்ததும் உடம்பே லேசாகிவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சமதளத்தில் நான் யாருக்கும் பயப்படுவதில்லை.

27 ஜூன்

யோசித்தேன். பத்தாயிரம் பீஸை யாரும் ஒரேயடியாகச் செக் பண்ணுவதில்லை. முதலில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறோம். இதையும் ஏன் உச்சியிலிருந்து தொடங்க வேண்டும்? அடியிலிருந்து பத்தடி ஏறி, அங்கிருந்து இறங்கலாமே. தினமும் வேலைக்குப் போகும் முன். யாரும் இல்லாமல்.

28 ஜூன்

பத்தடி. இறங்கினேன். இதற்கெல்லாம் பெருமைப்படக் கூடாது. பட்டேன்.

30 ஜூன்

இருபத்தைந்து. நின்ற இடத்தில் ஒரு கல்லில் சிவப்பு அம்பு ஒட்டிவிட்டு வந்தேன்.

1 ஜூலை

நாற்பது. ஒரு ஆடு வழியில் நின்று என்னைச் செக் பண்ணியது.

3 ஜூலை

தூறல். போகவில்லை. தூறல் ஆறு மணிக்கே நின்றுவிட்டது. அப்போதும் போகவில்லை.

5 ஜூலை

அறுபது.

8 ஜூலை

ஜனவரியில் விழுந்த இடம். கல்லும் அப்படியே இருக்கிறது, அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. அங்கிருந்து முடியவில்லை. இருபத்தைந்துக்கே திரும்பிப் போனேன். கோபம் கோபமாக வருகிறது.

9 ஜூலை

இருபத்தைந்து.

10 ஜூலை

அறுபது. அம்மா கேட்கிறாள், காலங்காத்தால எங்கேட்டி போற, காயப்போட்ட சேலையில பாதி முள்ளா இருக்கே என்று. சேலை இல்லம்மா, துப்பட்டா என்றேன். முக்கியமான கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

14 ஜூலை

விழுந்த இடத்துக்கு ஒரு முழம் மேலேயிருந்து. கண்ணைத் திறந்துகொண்டே.

18 ஜூலை

முழுசும்!

உச்சியிலிருந்து அடி வரைக்கும். நடுவில் பின்சக்கரம் வழுக்கியது, "யேசப்பா" என்று கத்தினேன், கை தானாக பிரேக்கிலிருந்து விரலை எடுத்து மறுபடி வைத்தது. கீழே வந்து நின்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று அதில் கொஞ்சம் வருத்தம். ஆடுகூட இல்லை.

19 ஜூலை

பாயிடம் சொன்னேன், வண்டி எனக்கே. "பிரேக்?" என்றார். "பாஸ்" என்றேன். அவர் அடுத்த தடவை தைவான் போகும்போது தனக்கு ஒன்று எடுத்துக்கொள்வாராம்.

27 ஜூலை, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கரடு. சர்ச்சில் இரண்டாம் ஆராதனைக்குப் போய்விடலாம் என்று கணக்கு. ஜெயபாண்டி, நான், தன்னுடைய எஸ் சைஸில் வேல்விழி. அவளுக்கு இது முதல் ஏற்றம். பாதியில் இரண்டு தடவை உட்கார்ந்து, எப்படியோ வந்து சேர்ந்தாள்.

நானும் ஜெயபாண்டியும் இறங்கினோம். அவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்ததில் அவனே விழுந்திருப்பான். கீழே நின்று மேலே பார்த்தால், வேல்விழி விளிம்பில் நிற்கிறாள். நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள். பிறகு வண்டியை விட்டு இறங்கித் தள்ள ஆரம்பித்தாள்.

ஜெயபாண்டி முதுகுப் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தான். டீ.

"இது எப்பயிருந்துப்பா?"

"எப்பவும் கொண்டாருவேன்க்கா. நீங்க எறங்கி வர்ற நேரத்துக்கு."

"நான் ஒரு நாளும் பாக்கலயே?"

"நீங்க வர்றதுக்குள்ள உள்ள வச்சுருவேன்ல."

"எவ்வளவு நேரமாகும் நான் வர?"

கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு டீ ஆகும்க்கா."

இத்தனை ஞாயிறும் இவன் இங்கே தனியாக நின்று இரண்டு டீ குடித்திருக்கிறான். சீக்கிரம் வா என்று ஒரு தடவை கத்தியதில்லை. நன்றி என்று சொன்னால் கூச்சப்படுவான், அதனால் டம்ளரை நீட்டினேன். ஊற்றினான். இரண்டு பேரும் மேலே பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு குடித்தோம்.

இரண்டாவது டீ முடிகிறபோது முள்ளுக்குள் சைக்கிள் உரசுகிற சத்தம் கிட்டே கேட்டது. ஜெயபாண்டி பிளாஸ்க்கைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"ரொம்ப நேரமா நிக்கறீங்களாக்கா?" என்று கேட்டாள் வேல்விழி, முகமெல்லாம் சிவந்துபோய்.

"இல்லையே. இப்பத்தான் வந்தோம்" என்றேன்.