ஜெபதாஸ் அண்ணனின் தேர்வு அனுமதிச் சீட்டு

அனுப்புநர்
ரா. ரத்தினம்,
பிட்டர் பிரிவு, இரண்டாம் ஆண்டு,
அருளானந்தம் தொழில்நுட்பக் கல்லூரி,
ஒரகடம்.

பெறுநர்
உயர்திரு முதல்வர் அவர்கள்,
மேற்படி கல்லூரி.

பொருள்: குத்துச்சண்டை வீரர் ஜெபதாஸின் தேர்வு அனுமதிச் சீட்டை நிறுத்தி வைத்தது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 6-7-1974 சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு, நமது பட்டறையில் முப்பத்திரண்டு தொண்டைகளிலிருந்து முப்பத்து மூன்று "உள்ளேன் ஐயா" வெளிவந்தன என்ற செய்தியை ஆழ்ந்த வருத்தத்துடன் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். உயிர்ச்சேதம் இல்லை.

2. அதிகப்படியான அந்த ஒன்று ஜெபதாஸ் அண்ணனுக்கானது. மணிமங்கலத்துக்காரர், எங்களைவிட மூன்று வயது மூத்தவர். சேர்ந்த புதிதில் உளியை அடிக்கச் சொன்னால் பட்டறை மேசையே ஆடும். அந்தக் கையில் இன்னொரு தொழிலும் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் அடியேன். தச்சுப் பிரிவில் மரத்தூள் கேட்டு வாங்கி, கோணியில் அடைத்து, சாப்பாட்டு இடைவேளைகளில் அவர் குத்துவதற்கு ஏற்பாடு செய்தவனும் அடியேனே. கோணி மூன்று மாதம் தாங்கியது. வாலாஜாபாத் திருவிழாப் போட்டியில் எதிராளி இரண்டாம் சுற்றுவரை தாங்கினார். காஞ்சிபுரம் போட்டியில் எதிர்த்தவர் அதுவரைகூட இல்லை. போன வருடம் முதல் மெட்ராஸில் டிக்கெட் போட்டு நடத்தும் தொழில்முறைப் போட்டிகளில் இறங்கி, மேற்படி சனிக்கிழமை மாலை லைட்வெயிட் சாம்பியன் பட்டமும் வென்றுவிட்டார்.

3. அன்று எங்கள் பயிற்றுநர் பலராமன் ஐயா விடுப்பு. அவருக்குப் பதிலாக வருகைப் பதிவு எடுக்க வந்த ஐயாவுக்கு எங்கள் முகங்கள் தெரியாது. எனக்கோ ஏழு குரல்கள் உண்டு. இரண்டு வருடத்தில் பதினோரு பேருக்கு வருகை கொடுத்து ஒருமுறைகூட மாட்டாதவன். ஜெபதாஸ் அண்ணனுக்கு நான் கொடுத்த குரல் அவருடைய சொந்தக் குரலைவிட எடுப்பாக இருந்ததாக வகுப்பில் பேச்சு.

4. பலராமன் ஐயா எதற்காக விடுப்பு எடுத்தார் என்று விசாரிக்காமல் விட்டுவிட்டேன். அதே ஒன்பது மணிக்கு அவர் மெட்ராஸில், போட்டிக்கு முன் வீரர்களுக்கு எடை பார்க்கும் இடத்தில், ஜெபதாஸ் அண்ணனின் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்! திங்கட்கிழமை லட்டுப் பொட்டலத்துடன் வந்தவர் பதிவேட்டைப் புரட்டினார். "இன்னாடா இது? என் கண்ணு முன்னாடி தராசு மேல நின்னுகினு இருந்தவன், இங்க எப்பிட்றா உள்ளேன்னான்?" என்றார். அண்ணன் கால்வேகம் மிக்கவர் என்று எடுத்துச் சொன்னேன். எடுபடவில்லை. லட்டும் பிரிபடவில்லை.

5. "கொரல் குட்த்தவன் யாருன்னு சொல்லு, வுட்டுட்றேன்" என்று ஐயா கேட்டும் அண்ணன் வாய் திறக்கவில்லை. உதட்டில் தையல் போட்டிருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் இம்மனுவை எழுதிக்கொண்டிருக்கிறது. ஆகவே மோசடி என்று சொல்லி அவருடைய அனுமதிச் சீட்டை நிறுத்திவிட்டார்கள். பட்டம் வென்றவர் வெளியே, மொட்டைமாடியில் பட்டம் விடுகிற நான் உள்ளே. இது நியாயமா?

6. தேர்வு வரும் திங்கட்கிழமை. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சான்றிதழுடன் வந்தால் பிட்டர் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அம்மா அற்புதமேரி அதை நம்பித்தான் இருக்கிறார். "பெல்ட்ட சுவத்துல மாட்டலாம்டா, சோறு வேவாது. மூக்கு ஒடஞ்சா அப்புறம் எவன் கூப்புடுவான்?" என்று அண்ணனே என்னிடம் சொன்னார். ஆறு சுற்று அடி வாங்கியும் கலங்காத மனிதர், அன்று கலங்கினார்.

7. கடைசியாக ஒன்று, ஐயா. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வருகை கொடுக்கும்படி அவர் என்னைக் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை மாலையே முறைப்படி விடுப்பு விண்ணப்பம் எழுதி, அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கி, "மறக்காம குட்த்துடு தம்பி" என்று என்னிடம்தான் தந்தார். ஏழு குரல் உள்ளவனுக்குக் காகிதம் எதற்கு என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மோசடி முழுவதும் என்னுடையது. அவருக்கு அது திங்கட்கிழமைதான் தெரியும்.

எனவே அவருடைய அனுமதிச் சீட்டை உடனே வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பதிலுக்கு ஒன்றை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் என்னுடையதை நிறுத்தலாம். வேறு வழி இருந்தால் அதையும் பரிசீலிக்கவும்.

இடம்: ஒரகடம்
நாள்: 9-7-1974

இன்று முதல் கீழ்ப்படிதலுள்ள மாணவன்,
ரா. ரத்தினம்

இணைப்பு: மேற்படி விடுப்பு விண்ணப்பம், ஒன்று. பின்பக்கத்தில் நானும் வகுப்புத் தோழன் தாமஸும் புள்ளி வைத்து விளையாடியிருக்கிறோம். முன்பக்கத்தை மட்டும் பார்க்கவும்.