நூலக வாசலிலிருந்து எண்பத்து மூன்று மீட்டர்

அன்பு மகள் அயாமிக்கு அம்மா எழுதுவது. நான் சாப்பிட்டுத் தூங்கி நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். கனடாவில் பனி விலகியதா, உன் இருமல் நின்றதா, மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று எழுது. நீ கேட்ட கடற்பாசியும் மிசோ சோயா விழுதும் போன வாரம் அனுப்பினேன், மிசோவை வந்தவுடன் குளிர்பெட்டியில் வை.

உன் சிநேகிதி சுன்ஜா ஏன் உனக்குப் பதில் போடுவதில்லை என்று கேட்டிருந்தாய். இரண்டு முறை எழுத உட்கார்ந்து வேறு எதையோ எழுதி அனுப்பிவிட்டேன். காரணம் நான்தான். போன வருடம் வசந்தத்தில் முரோய் என்று ஒருவர் வந்தார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் நம் முன்னறையில் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் இரவல் கொடுத்து வந்தேனே, அதைக் கேள்விப்பட்டாராம். ரயில் நிலையத் தெருவில் மூடிக் கிடந்த செருப்புக்கடையை ஓர் அறக்கட்டளை நூலகமாக்கப் போகிறது, "நீங்க தலைமை ஏத்துக்கிட்டாப் போதும் டீச்சர், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். உன் அப்பா இருந்திருந்தால் யார் பணம் என்று கேட்டிருப்பார். நான் அலமாரி பிள்ளைகளின் கைக்கு எட்டுமா என்றுதான் கேட்டேன்.

திறப்பு நாளில் சுன்ஜாவின் அப்பா காங் மாமா ஸ்ட்ராபெரிப் பெட்டியோடு வந்தார். இறைச்சி சுடும் கடையை விற்று, பழைய சினிமாக் கொட்டகை நிலத்தை வாங்கியிருந்தார், காசு வைத்து ஆடும் பச்சின்கோ விளையாட்டுக் கூடம் கட்ட. "புகையில நின்னு நின்னு நானே கருகிட்டேன் டீச்சர், இனிமே கோட்டுப் போட்ட முதலாளி" என்றார். "பித்தான் மாட்டுற வயிறா இது" என்றாள் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தோம்.

ஜூலையில் இரண்டு பேர் நாடா வைத்து எங்கள் நூலக வாசலிலிருந்து காங் மாமா நிலத்தின் எல்லை வரை அளந்தார்கள். நல்ல வெயில், நான்தான் கூப்பிட்டு பார்லித் தேநீர் கொடுத்தேன். எண்பத்து மூன்று மீட்டர் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். நம் மாகாணத்தில் பள்ளி, மருத்துவமனை, நூலகம் இவற்றுக்கு நூறு மீட்டருக்குள் பச்சின்கோ கூடம் வரக்கூடாது. அந்த விதி வேண்டும் என்று ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவளும் நான்தான். காங் மாமாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தது தெருக்கோடியில் ஏற்கெனவே கூடம் நடத்தும் நிறுவனம் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. முரோயிடம் போய்க் கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நாங்க எந்தச் சட்டத்தை மீறினோம் டீச்சர்? பிள்ளைங்க படிக்கிறது தப்பா?" என்றார். மூடிவிடுகிறேன் என்றதற்கு, "நீங்க போகலாம், நூலகம் போகாது" என்றார். மறுநாளே விலகினேன். என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.

கடன் வாங்கிப் பாதி எழுப்பிய கட்டடத்தோடு காங் மாமாவால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? நிலத்தைக் கேட்டு வந்தது அந்த நிறுவனம் மட்டும்தான். வந்த விலைக்குக் கொடுத்தார். இந்த மார்ச்சில் நூலகத்தை மூடினார்கள். நூலகம் போனதும் தடையும் போயிற்று, அங்கே அவர்களின் கூடம்தான் எழும்புகிறது. இரும்புக் கம்பி இறக்கும் சத்தம் நம் சமையலறை வரை கேட்கிறது.

காங் மாமா குடும்பம் ஒசாகாவுக்குக் கிளம்பிய அன்று போனேன். காங் மாமா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். மண்டியிட்டேன். "எழுந்திருங்க டீச்சர், முட்டி வலிக்கும். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்று தூக்கிவிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. சுன்ஜாதான் வாசல் வரை வந்து சொன்னாள், "கொரியாக்காரன்னு ஒதுக்கின இந்த ஊர்ல அப்பா எல்லாரையும் மன்னிச்சு மன்னிச்சுத்தான் காலம் தள்ளினாரு டீச்சர். என்னை அதுக்குக் கூப்பிடாதீங்க." நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை. வீட்டுக்கு வந்தேன், அன்று சமைக்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் வாழ வேண்டும். வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள். சுன்ஜாவுக்கு மறுபடியும் எழுது, புது முகவரியைத் தபால் நிலையத்தில் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றி மட்டும் எழுது. அம்மா விசாரித்தாள் என்று எழுதாதே.

இப்படிக்கு
உன் அம்மா
மிச்சியோ