செவ்வாய் 11.12-க்கு வீட்டில் யார்?

புதன்

காலையிலேயே புழுக்கம். செம்பாக்கம் ஏரி இருந்தும் காத்து இல்ல. இன்னிக்கு வீட்டிலிருந்து வேலை. லாப்டாப் தாங்காது, ஆபீஸ் அப்ளிகேஷனை வீட்டு கம்ப்யூட்டர்லதான் ஓட்டுறேன். அஞ்சு கன்டெய்னர், அதாவது தனித்தனியா ஓடற பகுதிங்க: முகப்பு, லாகின், தேடல், மெயில், டேட்டாபேஸ். நாலு எழுந்துடுச்சு. டேட்டாபேஸ் மட்டும் 'போர்ட் காலியில்ல', என் வாசல்ல வேற யாரோ இருக்காங்கன்னு அடம்.

பார்த்தா வேற ஒரு டேட்டாபேஸ் அங்க ஜம்முனு ஓடிக்கிட்டு இருக்கு. நான் போட்டதில்ல. உருவான நேரம்: நேத்து காலை 11.12. அப்ப நான் ஆபீஸ்ல. ஸ்ரீதர் படப்பையில, அவர் கம்பெனியில. கட்டின புருஷனை சந்தேகப்படக் கூடாது, சரி. அப்ப யாரு?

அதை நிறுத்திட்டு வேலையைப் பார்த்தேன்.

பாத்திரம் தேய்க்க வந்த கலாக்காவைக் கேட்டேன். "நா இன்னாத்துக்கும்மா அத்த தொடப்போறேன்? நேத்து கொடைய வுட்டுட்டேன்னு திரும்ப வந்தேன். பெல் அடிச்சா யாரும் தொறக்கல. ஆனா உள்ள ஃபேன் சுத்திகினு இருந்துச்சு."

வாசல் பூட்டைப் பார்த்தேன். உடையல.

சாயங்காலம் ஸ்ரீதரோட டிபன் பாக்ஸ். நேத்து மாதிரியே பளபளன்னு கழுவி. இத்தனை வருஷத்துல ஒரு நாள் கழுவினதுண்டா இந்த மனுஷன்?

வியாழன்

தூறல். ஆபீஸ். பதினொன்னுக்கு வேணும்னே அவருக்கு ஃபோன் போட்டேன். "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்." பின்னாடி எங்க தெரு மீன்காரம்மா: "சங்கரா, நெத்திலீ!"

யார் காதுல பூ சுத்தறார்? எவளோ ஒருத்தின்னே முடிவு பண்ணிட்டேன். தாம்பரம் பஸ்ல அழுகை.

வெள்ளி

மறுபடி வீட்டிலிருந்து வேலை. அதே டேட்டாபேஸ் மறுபடி ஓடுது. எந்த ஃபோல்டர்லேர்ந்துன்னு தேடிப் பிடிச்சேன். உள்ள ஒரு குறிப்பு: "வேலைத் தேர்வு, இரண்டாம் சுற்று. வெள்ளி மாலை ஆறுக்குள் அனுப்பவும்." அவர் பேர். பக்கத்துலயே படப்பை கம்பெனி அனுப்பின கடிதம். வேலை போய் ஒரு மாசம்.

எவளும் இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு, உடனே கோவம். ஒரு மாசமா மாங்கு மாங்குன்னு லஞ்ச் கட்டினேனே! நான் வீட்டுல இருக்கற நாள்ல எங்க உட்கார்ந்து சாப்பிட்டார்?

தேர்வுக்கு அவர் எழுதினதை ஓட்டிப் பார்த்தேன். அவர் லாகின் எழுந்த உடனே விழுது. சரி பண்ண கை துறுதுறுத்தது. தொடல. பரீட்சை அவருடையது.

மூணரைக்கே வந்துட்டார். "தலைவலி, பர்மிஷன்." கண்ணு கம்ப்யூட்டர் மேலயே.

"ஆபீஸ் எப்படி?"

"அதே பேஜார்தான்."

"டேட்டாபேஸ் தயாராகறதுக்குள்ள உங்க லாகின் அதைக் கூப்பிடுது. அதான் விழுது. காத்திருக்க வைங்க. ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல?"

செருப்பைக்கூட கழட்டாம கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தார். டிபன் பாக்ஸை நானே வாங்கினேன். கனமா இருந்துச்சு. திறக்கவே இல்ல.